மண்டபம் இல்லாத நாடகக்காரர்

ஆலையொன்று மூடப்பட்டால் தொழிற்சங்கம் கூட்டம் போடுகிறது. பாடசாலையொன்றை மூடப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்பினாலே பெற்றோர் வீதிக்கு வந்துவிடுகிறார்கள். நாடகம் ஆடும் இடமொன்று மூடப்படும்போது மட்டும் எவரும் வருவதில்லை. கதவிலே பூட்டுத் தொங்குகிறது. வாசலில் சாத்திவைத்த விளம்பரத் தட்டி வெயிலிலும் கடற்காற்றிலும் வெளுத்துப்போகிறது. சில காலம் கழிந்ததும் அவ்விடத்திலே தளபாடக் கடையோ திருமண மண்டபமோ எழும்புகிறது. அங்கே முன்வரிசையில் இருந்து நாடகம் பார்த்தவர்கள்கூட, "முந்தி இங்கே என்னவோ நடந்ததே" என்று சொல்லிக்கொண்டு கடந்துபோகிறார்கள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் அத்தகைய இடமொன்று இருந்தது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. பழைய இரண்டு மாடி வீடொன்றின் மேல்தளம். பகலில் அது தனியார் கல்வி நிலையம். உயர்தர மாணவர் கணக்கியலும் பொருளியலும் படிப்பார்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகு வாங்குகள் சுவரோரமாக அடுக்கப்படும். கரும்பலகையில் எழுதியிருந்த ஐந்தொகையை அழிக்காமலே அதன்மேல் படுக்கை விரிப்பொன்றைத் தொங்கவிட்டால் பின்திரை ஆயிற்று. பாயில் நெருங்கியிருந்தால் அறுபது பேர் பார்க்கலாம். 1979ஆம் ஆண்டிலிருந்து 1983ஆம் ஆண்டு ஆடி மாதம் வரையில் நானும் அங்கே போய்வந்தேன். எனக்கு நடிப்பு வராது என்பதை முதலாவது ஒத்திகையிலேயே எல்லோரும் கண்டுகொண்டனர். ஆகவே வசனம் எடுத்துக்கொடுத்தல், நுழைவுச்சீட்டு விற்றல், தேநீர் வாங்கிவருதல் என்னும் மூன்று உத்தியோகங்களும் எனக்கே வந்து சேர்ந்தன.

ஒளியமைப்பாளர் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் மின் வேலை செய்தவர். விளக்கு வாடகைக்குப் பணமில்லை என்று நாங்கள் கவலைப்பட்டபோது பால்மாப் பேணிகளின் அடியைத் துளைத்து உள்ளே மின்குமிழ் பொருத்தி ஆறு விளக்குகள் செய்து தந்தார். ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் அவரிடம் இருந்த கருவி, உப்புநீர் நிறைந்த மண்சட்டியும் இரண்டு உலோகத் தகடுகளுமே. மேல்தகட்டைக் கயிற்றால் இறக்க இறக்க விளக்கு பிரகாசிக்கும், உயர்த்தினால் மங்கும். தண்ணீர் சூடேறி ஆவி பறக்கத் தொடங்கினால் காட்சியைச் சுருக்கமாக முடித்துவிட வேண்டும். ஒருநாள் நான் பிரதியைக் கையில் பிடித்தபடி அதை எட்டிப் பார்த்தேன். "தம்பி, கிட்ட வராதீங்க. அங்க நடக்கிறதுதான் நாடகம், இது கரண்ட்" என்றார். அந்த மனிதர் எழுதப் படிக்க அறியாதவர். ஆனால் எங்கள் குழுவில் பிரதி முழுவதையும் முதலில் மனப்பாடம் செய்தவர் அவரே. எந்தச் சொல்லில் தகடு இறங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும் அல்லவா?

இந்த மேல்மாடியைப் பெரிய வரலாறாக்குவது என் நோக்கமன்று. அது கொழும்பில் நெடுங்காலம் நடந்துவந்த ஒன்றின் சிறு துணுக்கு. அந்தப் பெரிய கதையைச் சொன்னால்தான் இதன் இடம் விளங்கும்.

மருதானையில் இன்றும் நிற்கும் டவர் மண்டபம் 1911 டிசம்பரில் திறக்கப்பட்டது. கட்டியவர் ஹென்ட்ரிக் செனவிரத்ன என்னும் வணிகர். சாள்ஸ் டயஸ் எழுதிய 'பண்டுகாபய' நாடகத்தோடு திறப்பு விழா நடந்தது. அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகள் சிங்கள 'நூர்த்தி' நாடகத்தின் பொற்காலம் எனப்படும். மதுவிலக்கு இயக்கமும் தேசிய உணர்ச்சியும் அங்கே பாட்டாகவும் வசனமாகவும் ஒலித்தன. கூலி வேலைக்காரரும் கடைச் சிப்பந்திகளும் மலிவான ஆசனங்களில் அமர்ந்து, கேட்ட பாட்டை மறுநாள் வண்டித் தரிப்பிடத்திலே பாடினார்கள். மண்டபம் திறந்த மறு ஆண்டிலேயே, 1912இல், பொதுக் காட்சிகள் கட்டளைச் சட்டம் வந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் வாதிடவில்லை. கால ஒற்றுமையைக் குறித்துவைக்கிறேன். அச்சட்டத்தின் நிழல் எங்கள் மேல்மாடி வரையில் நீண்டது. பகிரங்கமாக மேடையேற்ற வேண்டுமானால் பிரதியை முன்கூட்டியே அனுப்பி அனுமதி பெறவேண்டும். வெள்ளைக்காரன் போனான், அவன் போட்டுவைத்த மேசையும் முத்திரையும் அவ்விடத்திலேயே இருந்தன.

நூர்த்தியின் தாய்வீடு எது? பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகள். ஆர்மோனியம், வண்ணந் தீட்டிய திரைச்சீலை, காட்சிக்குக் காட்சி பாட்டு ஆகிய எல்லாம் அவர்கள் கொண்டுவந்தவை. ஜோன் டி சில்வாவின் நாடகங்களுக்கு மெட்டமைத்த விசுவநாத் லௌஜி இந்தியாவிலிருந்து வந்த இசைஞர். இதே பார்சி மரபின் மெருகு தமிழ்நாட்டிலே சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துக் கம்பெனி நாடகங்களிலும் ஏறியிருந்தது. அந்தக் கம்பெனிகள் கப்பலேறி இலங்கைக்கு வந்து ஜிந்துப்பிட்டிப் பகுதியில் இரவிரவாக ஆடின. செட்டியார் தெருக் கடைச் சிப்பந்திகளும் துறைமுகத் தொழிலாளரும் அவற்றின் சபையோர். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஒருவரையொருவர் கண்டு ஒன்றாக நடித்தது 1926இல் இந்தக் கொழும்பு மாநகரிலேதான். மருதானையில் சிங்கள மேடையும், நடந்துபோகும் தூரத்தில் தமிழ் மேடையும், ஒரே மெட்டின் இரண்டு மொழி வடிவங்களை ஏக காலத்தில் பாடிக்கொண்டிருந்தன. ஜோன் டி சில்வாவும் சங்கரதாஸ் சுவாமிகளும் 1922ஆம் ஆண்டிலேயே காலமானார்கள் என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் வியப்படைகிறார்கள். இரண்டையும் ஒரே பாடத்தில் வைத்துப் படிப்பிப்பதற்கு நமது பாடத்திட்டம் இடம் வைக்கவில்லை.

1931இல் 'காளிதாஸ்' வந்தது. பேசும் படம் பிறந்தது. ஒரு நாடகத்துக்கு முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். படச்சுருளுக்கோ ஒரே இயந்திரமும் அதை ஓட்ட ஒருவரும் போதும். கணக்கு எளிமையானது. முதல் போட்டவர்கள் அதை விரைவாகவே செய்து முடித்தார்கள். டவர் மண்டபத்தில் வெண்திரை கட்டப்பட்டது. ஆர்மோனியக்காரர், திரை தீட்டிய ஓவியர், உடை தைத்தவர், பெண்வேடம் கட்டிப் பெயரெடுத்த ஆண்கள் முதலியோர் எங்கே போனார்கள் என்பதை எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை. நட்சத்திரங்கள் மட்டும் கரையேறினார்கள். டவர் மேடையில் இளவயதிலேயே பாடி நடித்த ருக்மணி தேவி, 1947இல் வெளியான முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொரொந்துவ'வின் நாயகி ஆனார். அவர் கொழும்புச் செட்டிக் குடும்பத்திற் பிறந்தவர். அப்படத்தைத் தயாரித்த எஸ். எம். நாயகம் தமிழர்; படப்பிடிப்பு நடந்தது மதுரையில். கலையில் 'தூய்மை' தேடுவோர் சற்று நின்று யோசிக்கவேண்டிய விபரம் இது.

டவர் மண்டபம் அப்படியே அழிந்துவிடவில்லை. 1978இல் அரசாங்கம் அதற்கெனச் சட்டமியற்றி, மன்றம் அமைத்து, கட்டடத்தைப் புதுப்பித்து மீண்டும் நாடகத்துக்குத் திறந்தது. அதைச் செய்தவர்களின் அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை. செய்த காரியம் நல்ல காரியம். பூட்டிய மண்டபத்தைத் திறக்க முடியும், பழைய கலைஞருக்கு உதவிப்பணம் கொடுக்க முடியும், இதெல்லாம் அரசினால் ஆகாத காரியமன்று என்பது அதனால் நிறுவப்பட்டது. ஆகவே, வேறு மண்டபங்கள் திறக்கப்படாமைக்கு இயலாமையைக் காரணங் காட்ட இனி முடியாது.

நாடகத்தின் வரலாற்றிலே 1956ஆம் ஆண்டை நான் எப்போதும் இரண்டு தேதிகளாக நினைவில் வைத்திருக்கிறேன். ஜூன் மாதத்தில் சிங்களம் மட்டும் சட்டம். நவம்பர் 3ஆம் திகதி, லயனல் வெண்ட் அரங்கில் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே'. சிங்கள நவீன நாடகத்தின் தலைவாசல் என்று போற்றப்படும் அந்நாடகம் நாடகம என்னும் கிராமிய வடிவத்தின்மீது எழுப்பப்பட்டது. நாடகமவோ, கரையோரக் கத்தோலிக்கரிடையே தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்த வடிவம், பெயரே தமிழ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு உருக்கொடுத்தவராகச் சொல்லப்படும் பிலிப்பு சிங்ஞோ ஒரு கொல்லர். அம்பலாங்கொடையைச் சேர்ந்த சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே தம் நினைவில் காத்துவைத்திருந்த பாட்டுக்களையும் தாளக்கட்டுக்களையும் பேராசிரியருக்குக் கொடுத்தார். பாராளுமன்றம் ஒரு மொழியை வாசலுக்கு வெளியே நிறுத்திய அதே ஆண்டில், அம்மொழியின் கூத்து இன்னொரு மொழியின் மேடையிலே விளக்கேற்றியது. சரச்சந்திர இதை மறைத்தவரல்லர். தமது ஆராய்ச்சியிலே வெளிப்படையாக எழுதினார். மண்டபத்தில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்பது வேறு கேள்வி.

'மனமே' தமிழருக்கும் ஒரு தட்டு தட்டியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பேராதனை மாணவருக்குப் பழக்கி, விடியவிடிய ஆடுவதை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கி, 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' எனப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்குத் தாளக்கட்டுச் சொல்லிக்கொடுத்தார். அண்ணாவியார் வரம்பில் நின்று பழக்கியதைப் பட்டதாரிகள் கைகட்டி நின்று கற்றார்கள் என்பதே எனக்கு அம்முயற்சியில் மிகவும் பிடித்த அம்சம். அறுபதுகளின் பிற்பகுதியில் அக்கூத்து அரசர் கதையை விட்டு இறங்கிவந்தது. சி. மௌனகுருவின் 'சங்காரம்' வர்க்கப் போராட்டத்தைக் கூத்தாக்கியது. 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் சூடு ஆறுமுன்பே என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' பிறந்தது. மஹாகவியின் 'கண்மணியாள் காதை'யைக் கொழும்புக் கலைஞர் லடீஸ் வீரமணி வில்லுப்பாட்டாக்கி ஊரூராகக் கொண்டுபோனார். அச்சில் அடங்கிக் கிடந்த கவிதை, எழுத்தறியாத ஒளியமைப்பாளரின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

இத்தனைக்கும் இவர்களுக்குச் சொந்தமாக ஓர் இடமில்லை. கொழும்புத் தமிழ் நாடகத்தின் அடிப்படை உண்மை இதுதான். லயனல் வெண்ட், லும்பினி, நவரங்ககல என்று கடன்வாங்கிய மேடைகளிலேயே எங்கள் தலைசிறந்த நாடகங்கள் ஆடப்பட்டன. லயனல் வெண்ட் அரங்கு 1953 டிசம்பரில் மக்சிம் கோர்க்கியின் 'அடித்தளம்' நாடகத்துடன் திறக்கப்பட்டது என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. அந்த அரங்கைத் தனவந்தரின் நண்பர்கள் அவர் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு கட்டினார்கள். நம்மிடையே தனவந்தருக்குக் குறைவிருந்ததா? கோயிற் கோபுரத்துக்கும் கல்லூரி மண்டபத்துக்கும் பணம் புரண்டது. நாடகக்காரன் என்றால் மட்டும், "தம்பி, உத்தியோகம் என்ன பார்க்கிறீர்?" என்றுதான் கேட்டார்கள்.

மண்டபத்துக்கு ஓர் இரவு வாடகை கட்டுவதற்கு நாங்கள் பட்ட பாட்டைச் சற்று விபரமாகச் சொல்கிறேன். இன்றைய இளைஞர் இதை வீரக்கதையாக எண்ணிவிடக் கூடாது. முதலில் நினைவு மலர் ஒன்று அச்சிட வேண்டும். அதில் விளம்பரம் தரும்படி செட்டியார் தெரு நகைக்கடைகளிலும் வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளிலும் ஏறியிறங்க வேண்டும். பத்துக் கடை ஏறினால் மூன்று கடை கொடுக்கும். பிறகு நுழைவுச்சீட்டுப் புத்தகங்களை அலுவலகங்களுக்குப் பிரித்துக்கொடுத்தல். சம்பளத் தேதிக்கு முன்னே எவரும் காசு தரமாட்டார்கள்; மண்டபமோ முற்பணம் கேட்கும். எனவே ஒருவருடைய மனைவியின் காப்பு அடகுக்குப் போகும். இந்த நாட்டிலே தமிழ் நாடகம் வளர்த்த காப்புக்களின் கணக்கை யாராவது எடுத்தால் நல்லது. ஓர் இரவு ஆட்டம் முடிந்து திரை இறங்கியதும், மூன்று மாத ஒத்திகையும் முடிந்துபோகும். மறுமுறை ஆடுவதற்கு மீண்டும் முதலாவது நகைக்கடையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாடகம் பத்தாம் முறை ஆடப்படும்போதுதான் பழுக்கிறது. எங்கள் நாடகங்கள் பெரும்பாலும் காயாகவே உதிர்ந்தன. சொந்த இடம் வேண்டும் என்பது வெறும் ஆசையன்று. கலையின் தரம் பற்றிய பிரச்சினையே அது.

பெண்கள் விடயத்தில் அது இன்னும் கடுமையானது. எங்கள் மேல்மாடிக்கு வந்த இரு ஆசிரியைகளும் வெள்ளவத்தையிலேயே குடியிருந்தவர்கள், நடந்துபோகும் தூரம். கொட்டாஞ்சேனையிலிருந்து எந்தப் பெண்ணும் வரவில்லை. ஆர்வமில்லாமல் அன்று. இரவு ஒன்பதரைக்குப் பேருந்து ஏறி, பத்தரைக்கு வீட்டு வாசலில் இறங்கும் பெண்ணைத் தோட்டம் முழுவதும் கண்விழித்துப் பார்க்கும். ஒரு வீட்டுக்குப் போய் நான் அம்மாவைக் கேட்டுப் பார்த்தேன். "மாஸ்டர், நீங்க நல்லவங்கதான். நேரம் நல்லதில்லையே" என்றார் அந்த அம்மா. கொட்டாஞ்சேனையில் ஓர் இடமிருந்தால் அவர் மகள் நடித்திருப்பாள்.

1978ஆம் ஆண்டு, டவர் மண்டபம் மீட்கப்பட்ட அதே ஆண்டு, தமிழ் நாடகத்துக்கும் முக்கியமானது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் முதலியோர் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார்கள். க. பாலேந்திராவும் அவர் நண்பர்களும் தமிழ் அவைக்காற்று கலைக் கழகத்தை அமைத்தார்கள். வில்லியம்ஸின் 'கண்ணாடி வார்ப்புகள்', லோர்காவின் 'ஒரு பாலை வீடு', பிரெக்டின் 'யுகதர்மம்' என்று உலக மேடையைத் தமிழில் நிறுத்தினார்கள். பாலைவனத்திலே தாகத்தால் வாடும் வணிகனுக்குத் தன் தண்ணீர்க் குடுவையை நீட்டுகிறான் கூலி. கல்லென்று நினைத்துச் சுட்டுவிடுகிறான் வணிகன். நீதிமன்றம் வணிகனை விடுதலை செய்கிறது. கூலி தன்னை வெறுக்கத்தான் வேண்டும் என்று அவன் அஞ்சியது நியாயமாம். இதைப் படித்தவர்களுக்குத் தத்துவம் விளங்கும். எங்கள் ஒளியமைப்பாளருக்கோ அது தத்துவமாக இருக்கவில்லை. நாடகம் பார்த்துத் திரும்பும் வழியில் நெடுநேரம் பேசாமல் வந்தவர், "தம்பி, அந்தத் தண்ணியை அவன் ஒளிச்சு வச்சிருந்தாலும் சுட்டிருப்பான்தானே?" என்று மட்டும் கேட்டார்.

1983 ஜூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் தீ தொடங்கியது. மறுநாள் வெள்ளவத்தைக்கு வந்தது. அதை மீண்டும் விவரிக்க இங்கே இடமில்லை, அறியாதவர் இல்லை. எங்கள் மேல்மாடி எரியவில்லை. வீட்டுக்காரரின் சிங்கள அயலவர் வாசலில் வந்து நின்றார். ஆனால் அதன்பின் அங்கே ஒரு ஒத்திகைகூட நடக்கவில்லை. நடிகர்களில் சிலர் அகதி முகாமிலிருந்து சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். சிலர் பிறகு விமானமேறினார்கள். பாடசாலைகளும் விழா மண்டபங்களும் முகாம்களாயின. நாங்கள் மேடை கேட்டு மன்றாடிய மண்டபமொன்றின் மேடையிலே குழந்தைகளை வரிசையாகப் படுக்கவைத்திருந்ததை நான் கண்டேன். ஹெந்தளையில் திரைப்பட முதலாளி குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது, சிங்களப் படச்சுருள்களும் அதனோடு எரிந்தன. இனவெறி தன் மொழியின் கலையையும் தின்றுவிட்டுப் போனது.

பாலேந்திரா லண்டனில் தமது நாடக வாழ்வைத் தொடர்ந்தார். தாசீசியஸும் புலம்பெயர்ந்தார். யாழ்ப்பாணத்தில் 1985இல் 'மண் சுமந்த மேனியர்' கோயில் வெளிகளிலும் பாடசாலை முற்றங்களிலும் பெருந்திரளுக்கு ஆடப்பட்டது. கொழும்புக்கு மட்டும் அந்தத் தொடர்ச்சி கிட்டவில்லை. இரும்புத்திரை விழுந்ததுபோலக் கொழும்பின் ஒரு நாடகத் தலைமுறை அறுந்தது. அந்த அறுப்பைப் போரின் தலையில் முழுவதும் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. போர் 2009இல் முடிந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் வெள்ளவத்தையிலே அடுக்கடுக்காகத் தொடர்மாடிகள் எழுந்தன. இடம் இல்லை என்று சொல்ல எவரால் முடியும்? இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் தமிழ்ச் சங்கத்தின் மண்டபமும் நிற்கின்றன. அவற்றை நான் குறைகூறவில்லை. பட்டிமன்றமும் நூல் வெளியீடும் நடன அரங்கேற்றமும் அங்கே நடக்கத்தான் வேண்டும். அரங்கேற்றத்துக்கு ஒரு குடும்பம் இலட்சக் கணக்கில் செலவிடுகிறது. அதற்காக வெளிநாட்டிலிருந்து உறவினர் வருகிறார்கள். அந்தச் சந்தை விலையோடு நாடகக்காரன் போட்டியிட வேண்டும் என்றால், நாடகம் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடலாம்.

ஹவ்லொக் வீதிப் பக்கம் போகும்போதெல்லாம் வெள்ளவத்தை நூல் நூற்பு நெசவு ஆலையை நினைத்துக்கொள்கிறேன். அங்கேதான் 1933இல் கொல்வின் ஆர். டி சில்வாவும் தோழர்களும் தொழிலாளரோடு நின்று வேலைநிறுத்தம் நடத்தினார்கள். இந்த நாட்டு இடதுசாரி இயக்கத்தின் முதல் பாடங்களில் ஒன்று. வேலைநிறுத்தம் செய்தவர்களிற் பலர் மலையாளிகள். அந்த ஆலை நிலத்திலே இன்று ஹவ்லொக் சிற்றி என்னும் மாடிநகரம். அங்கே நீச்சற்குளம் உண்டு. தொழிலாளர் கூடிய இடம் என்று சொல்ல ஒரு கல்லாவது நாட்டியிருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணுக்கு அகப்படவில்லை.

எங்கள் மேல்மாடி இருந்த வீடும் அண்மையில் இடிக்கப்பட்டது. உரிமையாளரின் பிள்ளைகள் கடல்கடந்து வாழ்கிறார்கள், விற்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தனியொருவரின் பெருந்தன்மையில் ஓடிய இடம், அந்தப் பெருந்தன்மை முடியும் நாளில் முடிந்துவிடும். தருமத்தின்மேல் கட்டிய எதையும் குறித்து நாம் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும். பொதுச்சொத்தாக இல்லாத பொது இடத்துக்கு ஆயுள் குறைவு.

பொதுச்சொத்தாக்கினாற் போதுமா என்றால், அதுவும் போதாது. 2022 ஏப்ரல் 9ஆம் திகதியிலிருந்து காலிமுகத்திடலில் எழுந்த போராட்டக் கிராமத்தைப் பலரும் அரசியல் நிகழ்ச்சியாகவே பார்த்தார்கள். எனக்கு அது நூறு நாள் நீடித்த ஓர் அரங்கு. நூலகம் இருந்தது, படம் காட்டும் கூடாரம் இருந்தது, மேடையில் எவரும் ஏறிப் பாடலாம், வாடகை இல்லை, முன்னனுமதி இல்லை. மே 18ஆம் திகதி அதே திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிச் சிங்கள இளைஞர் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். 1983ஐக் கண்ட எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்க உயிரோடிருந்ததே போதும் என்றிருந்தது. ஜூலை 22ஆம் திகதி விடியுமுன் படையினர் வந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்தார்கள். அந்த இடமும் மூடப்பட்டது.

மண்டபமே வேண்டாம், மண்டபத்தைத் தூக்கிக்கொண்டு நடப்போம் என்று முடிவுசெய்தவர்களும் உண்டு. பராக்கிரம நிரியெல்ல தொடக்கிய 'ஜனகரளிய', தமிழில் மக்கள் களரி, சிங்கள, தமிழ் இளைஞரை ஒரே குழுவில் பழக்கி, கூடாரத்தை ஊரூராகக் கொண்டுசென்று இரு மொழிகளிலும் ஆடியது. தமிழ் நடிகன் சிங்களத்தில் பேசினான். சிங்கள நடிகை தமிழில் பாடினாள். போர் நடந்த காலத்திலேயே இதைச் செய்தார்கள். ஆயினும் கூடாரம் தூக்கவும் வண்டி வேண்டும், வண்டிக்கு எண்ணெய் வேண்டும், நடிகனுக்கு மாதச் சம்பளம் வேண்டும். வெளிநாட்டு நிதியை நம்பினால் அதன் ஆயுள் திட்டக்காலம் வரையில்தான். நம்மவர் இதைப் பார்த்துக் கைதட்டிய அளவுக்கு உண்டியல் குலுக்கவில்லை.

ஆசிரியர்கள் வாசிக்கும் இப்பத்திரிகையில் இதைச் சொல்வதற்கு எனக்கொரு காரணம் இருக்கிறது. பணம் செலவின்றித் திறக்கக்கூடிய மண்டபங்கள் கொழும்பிலே ஏற்கெனவே நம் கைவசம் இருக்கின்றன. பிற்பகலில் பாடசாலை விட்டதும் மண்டபத்தின் கதவு சாத்தப்படுகிறது. மறுநாள் காலை ஆராதனைக்கே திறக்கப்படுகிறது. மேடை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, காவலாளியும் இருக்கிறார். கொட்டாஞ்சேனையில் பத்துப் பன்னிரண்டு இளைஞர், அவர்களில் நான்கு பெண்கள், நாடகமொன்று பழகுகிறார்கள். துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்யும் தகப்பன்மாரைப் பற்றி அவர்களே எழுதிய நாடகம். குறைகள் உண்டு, உயிரும் உண்டு. அயலிலுள்ள பாடசாலையொன்றின் மண்டபத்தை வாரம் இருநாள் தரும்படி கேட்டார்கள். மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார் அதிபர். மேலிடம், அதிபரின் சிபாரிசு வேண்டும் என்றது. மூன்றாவது கடிதத்தை நான் எழுதிக்கொடுத்து ஏழு வாரமாகிறது.

அதுவரையில் தொடர்மாடி வீடொன்றின் மொட்டைமாடியில் பழகுகிறார்கள். கீழ்வீட்டார் இரைச்சல் என்று முறையிட்டதால், வேலைநிறுத்தக் காட்சியை மட்டும் குரல் எழுப்பாமல், வாயசைத்து, கைகளை உயர்த்திப் பழகிவருகிறார்கள்.